யார் கையால் பத்துப் பிடி?

இந்த அவையைத் தலைமையேற்றுத் தாங்கி நிற்கும் கெல்பார்ட் அவர்களே! வேதச் சுருளை ஏந்தி ஏந்தித் தோள் தழும்பேறிய பெரியோர்களே! வெள்ளி மாலைதோறும் விளக்கேற்றி வீட்டை வீடாக்கும் தாய்மார்களே! ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து, மெல்பர்ன் மழையில் கார் ஓட்டிவந்து பிள்ளைகளை இறக்கிவிடும் தந்தையரே! ஒரு நொடி சும்மா இராத என் இரண்டாம் வகுப்புச் செல்வங்களே! நீங்கள் "மோரா, மோரா" என்று அழைத்து என் உயிரை வாங்கும் இந்த ஆசிரியை ஹென்யாவின் வணக்கம்!

நம் யூத வேதத்தில் அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளைகள்! ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிக் கொடுப்பது? காதில் ஊற்றுவதா? கரும்பலகையில் எழுதுவதா? எழுதிய கையோடு அழித்துவிட்டுப் போவதா? இல்லை ஐயா, கையில் கொடு என்றேன் நான்! அதற்காகவே பள்ளியில் ஒரு தச்சுப் பட்டறையும் வைத்தேன்! ஆடையில் குஞ்சம் கட்டும் கட்டளையா? நூலைக் கொடு, முடிச்சுப் போடட்டும்! ஆமாம் அம்மா, அந்த வாரம் உங்கள் வீட்டுத் திரைச்சீலையெல்லாம் முடிச்சாகிப் போனது எனக்குத் தெரியும். மன்னித்துவிடுங்கள். ஓய்வுநாள் ரொட்டியா? மாவைக் கொடு, பிசையட்டும்! மூக்கிலும் பூசிக்கொள்ளட்டும்! மூக்கில் பட்டது கழுவினால் போய்விடும். கற்றது கழுவினாலும் போகாது.

ஆனால் சென்ற குளிர்காலத்தில் நம் தலைவர் கெல்பார்ட் அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் முன்னாலேயே சொல்கிறேன், அனுமதி வாங்கிவிட்டேன். அதோ, தலையாட்டுகிறார் பாருங்கள்! குழுக் கூட்டத்தில் என்னை நிற்கவைத்துக் கேட்டார்: "இது பள்ளிக்கூடமா, தச்சுப் பட்டறையாம்மா? ஒரு புள்ளைக்காவது ஒரு வசனம் முழுசா வருதா?" பருவத்தின் கடைசி ஞாயிறன்று தாமே வந்து பார்ப்பதாகவும், திருப்தி இல்லையென்றால் பட்டறைக்கு அன்றே பூட்டு என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் பதினோரு ஆண்டு ஒவ்வொரு உளியாகச் சேர்த்த பட்டறை அது.

சரி, அவர் கண்ணில் படும்படி ஒன்றைச் செய்துகாட்டுவோம் என்று துணிந்தேன். வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, எவரும் விழுந்து அந்தப் பழி உன் வீட்டின்மேல் வரக்கூடாது என்கிறதே நம் வேதம், அதை எடுத்தேன். பள்ளியின் பின்புறம் கூடாரத் திருநாளுக்குப் பந்தல் போடுகிறோமே, அந்த மரத்தளம் தரையிலிருந்து ஓர் ஆளின் இடுப்பு உயரம். மூன்று பக்கம் தடுப்பு உண்டு. நான்காவது பக்கம்? வெறும் காற்று! இத்தனை ஆண்டு அங்கே இரண்டு பூந்தொட்டியை வைத்துவிட்டு நாம் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அதற்குத்தான் பிள்ளைகள் தடுப்புக் கட்டினார்கள். நான் மரம் அறுத்தேன். அவர்கள் தேய்த்தார்கள், ஆணி அடித்தார்கள், விரலிலும் அடித்துக்கொண்டார்கள். உயரம் எவ்வளவு? பத்துப் பிடி! கையை மூடினால் வரும் அகலம் ஒரு பிடி, அப்படிப் பத்து. பரம்பரை அளவு, பிசகக்கூடாது என்று நானே முழங்கினேன்.

அந்த ஞாயிறும் வந்தது. தலைவரும் வந்தார். மரத்தளத்தில் ஏறித் தடுப்பின் அருகே போய் நின்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் முழங்காலுக்குச் சற்று மேலே அது முடிந்துவிட்டது!

ஐயோ, அங்கே யார் இப்போதே சிரிப்பது? நான் அன்று அழுதிருப்பேன். பிள்ளைகள் அளந்தது சரிதான், பத்துப் பிடிதான். ஆனால் ஏழு வயதுப் பிடி! யார் கை என்று நான் சொல்லவே இல்லை. மாதம் முழுவதும் அவர்களோடு மண்டியிட்டே வேலை செய்த எனக்கு, நிமிர்ந்து பார்க்கவும் தோன்றவில்லை. தப்பு என்னுடையது, முழுக்க முழுக்க என்னுடையது.

தலைவர் பட்டறைச் சாவிக்காகக் கையை நீட்டினார். நான் சாவியைத் தேடும் நேரத்தில், நம் திர்ட்சா, முன்வரிசையில் பல் விழுந்த சிரிப்போடு இருக்கிறாளே அவள்தான், நீட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் கையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள்.

"தாத்தா, நாங்க இதுல விழ மாட்டோம். எங்களுக்கு இது போதும். நீங்கதான் விழுவீங்க. அப்ப உங்க கையாலதான அளக்கணும்?" என்றாள்.

அவையோரே, இதை நான் சொல்லிக்கொடுத்தேனா? புத்தகத்தில் இருந்ததா? கட்டுகிறவன் கைக்கு ஏற்ப அல்ல, விழக்கூடியவன் உயரத்துக்கு ஏற்பக் கட்டு என்று அந்தச் சின்னக் கை தானே கண்டுபிடித்தது! தலைவரை மண்டியிட வைத்தாள். அவர் கையை மூடிப் பந்தல் கம்பத்தில் வைத்தார், பிள்ளைகள் எண்ணினார்கள். ஒன்று! இரண்டு! மூன்று! ஏழாவது பிடிக்கே பிள்ளைகள் கட்டிய தடுப்பைத் தாண்டிவிட்டார். பத்தாவது பிடியில் கோடு போட்டுவிட்டு எழுந்து நின்றால், அந்தக் கோடு அவர் இடுப்பில்! கைதட்டல் விண்ணைப் பிளந்தது.

அவர் மட்டும் தட்டவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்த வசனம் எனக்கு ஆறு வயசுலேர்ந்து மனப்பாடம்மா. அறுபத்தஞ்சு வருஷம். என் வீட்டு மாடிக்குத் தடுப்பு இல்ல. என் பொண்டாட்டிக்கு இப்ப கண்ணு சரியா தெரியல, தினம் அங்கதான் துணி காயப்போடறா."

நான் சாவியைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போச்சு என்றே நினைத்தேன். படியிறங்கியவர் திரும்பி, "ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு நானே வந்து தொறக்கறேன். என் வீட்டுக்கு மரம் அறுக்கணும்," என்றார்.

திறந்தார் ஐயா! அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் பூட்டவில்லை!

பின்வரிசையில் குகெல் பலகாரத் தட்டைத் திறக்கும் ஓசை கேட்கிறது, இதோ, முடித்துவிட்டேன். அந்தக் குகெலைச் சுட்டுத் தந்தவர் திருமதி கெல்பார்ட். இன்று காலையும் மாடியில் துணி காயப்போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார், ஒரு கையால் தடுப்பைப் பிடித்தபடி. தடுப்பு அவர் இடுப்பளவு. அளந்தது அவர் கையால்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், எனக்குக் கற்றுக்கொடுத்த இரண்டாம் வகுப்புக்கும் என் நன்றி. இந்த மேடை ஓரத்துத் தடுப்பும் அவர்கள் கட்டியதுதான். இறங்கும்போது பயப்படாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஷாலோம்!