விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

எனக்குக் கண்ணாடி அறுக்க நன்றாக வரும், ஐயா. அப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். விரலளவுத் துண்டைக்கூடப் பிசிறில்லாமல் அறுப்பேன்.

நாங்கள் அகழாய்வு செய்த குகையின் கூரையில் ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தோம். பாறை மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். உடைந்தால் எல்லாரும் வெளியேற வேண்டும், குகையை மூடிவிட வேண்டும். தினமும் காலையில் முதல் ஆளாகப் போய் அதைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது என் பொறுப்பு.

குகைக்குக் கீழே இருந்த பழைய ஊரை எட்டு வருடம் தோண்டினோம். அடுப்பு கிடைத்தது, பானை கிடைத்தது, ஆள் மட்டும் கிடைக்கவில்லை. ஓர் ஊரே எங்கே போயிருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். இந்த வருடம்தான் குகைக்குள் ஒரு குழந்தையின் கால் எலும்பு தெரிந்தது, அதை அணைத்தபடி ஒரு பெரியவரின் கை. எலும்புகளைத் துடைத்து எடுப்பவள் என் தங்கை. மழை தொடங்கினால் தோண்ட முடியாது, அதற்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் கண்ணாடி உடைந்திருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் யார்தான் என்ன செய்வார்கள்? மூவாயிரம் வருடம் நின்ற பாறை ஒன்பது நாள் நிற்காதா என்று நினைத்தேன். எங்கள் தொழிலின் கோளாறு அது. ஒன்பது நாளெல்லாம் எங்களுக்கு ஒரு காலமே இல்லை. புதுத் துண்டை ஒட்டினேன்.

தங்கை உள்ளே போகுமுன் தினமும் கேட்பாள். "அண்ணா, கண்ணாடி எப்படி இருக்கு?"

"முழுசா இருக்கு. நீ போ."

"உடைஞ்சா சொல்லிடுண்ணா. எலும்பைப் பார்த்துட்டா உனக்குக் கூடப்பிறந்தவ கண்ணுக்கே தெரியமாட்டா" என்று சிரிப்பாள்.

நான்காம் நாள் மறுபடி உடைந்தது. ஏழாம் நாளும் உடைந்தது. அவளைத் தடுக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. பயமாக இருந்தது. கை மட்டும் தானாகவே அடுத்த துண்டை அறுத்தது.

எட்டாம் நாள் காலையும் உடைந்திருந்தது. புதிதாக ஒட்டிய துண்டின் பசை இன்னும் காயவில்லை. அவள் வழக்கம்போலக் கேட்டாள். நான் ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். கூரை இறங்கியபோது மணி பத்தேகால். அவளை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது.

நான்கு முறை மாற்றினேன். குறிப்பேட்டில் இருப்பது என் கையெழுத்துதான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவள் கேட்ட ஒவ்வொரு முறையும் கண்ணாடி முழுதாகவே இருந்தது. என் தங்கையிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.