டேப் மேலதானே பாத்தே?

மேடையில் இருக்கும் மேலாளர் ஐயா அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, வேலை உடுப்போடு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு இரண்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். கூடிப்போனால் தயவுசெய்து மைக்கைப் பிடுங்காதீர்கள்.

பராமரிப்புப் பிரிவின் மூத்த ஃபிட்டரை, நம் டேப் அண்ணனை, சுடு எண்ணெய்க் குழாய் பலிகொண்டு பதினாறு நாள் ஆகிறது. அவருக்கு ஏன் அந்தப் பெயர்? கையில் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இடுப்பில் சூடு தாங்கும் கறுப்பு டேப்பும் இருக்கும். சூடான பொருள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விட்டுக்கொண்டே இருக்கிறது, அதைக் கருவியின் லென்ஸ் வாங்கிக் குவிக்கிறது, உள்ளே இருக்கும் சென்சார் டிகிரியாகச் சொல்கிறது. சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும்தான், அது எதையும் அளக்காது. இதை நம்மில் எத்தனை பேருக்கு, எத்தனை முறை சொல்லியிருப்பார்!

மருத்துவமனையில் நெற்றி, சமையல்கூடத்தில் கொதிக்கும் எண்ணெய், மின்பலகை, உலை என்று தொட முடியாத இடமெல்லாம் அந்தக் கருவிக்குச் சொந்தம். பளபளக்கும் உலோகத்திடம் மட்டும் அது ஏமாந்துபோகும். பளபளப்பு தன் சூட்டைக் கொஞ்சமாகத்தான் வெளியே விடும், சுற்றி இருப்பதன் சூட்டைத்தான் திருப்பிக் காட்டும். அதனால் டேப்பை ஒட்டி, கொஞ்சம் பொறுத்து, அதன்மேல் அளப்பார் அண்ணன். ஒருநாள் மேலாளர் ஐயாவின் தலைக்கு நேரே கருவியை நீட்டி, "பளபளன்னு இருக்கு, டேப் ஒட்டினாத்தான் சரியா காட்டும்" என்றார். ஐயாவே சிரித்துவிட்டார்.

ஆய்வுக் குழு வருகிறது என்று அந்த வாரம் எல்லாக் குழாயையும் துடைத்து மினுக்கச் சொன்னார்கள். அண்ணன் குழாய்களில் ஒட்டிவைத்திருந்த டேப்புகளை உரித்தது யார்? நான்தான். குழு போனதும் திரும்ப ஒட்ட வேண்டியதும் நான்தான். நாளைக்கு ஒட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அண்ணன் கீழே, குழாய் மூடிக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு படுத்திருந்தார். நான் மேலே, கருவியோடு நின்றேன்.

"எவ்வளவு காட்டுது?" என்றார்.

"நாப்பத்தொண்ணுண்ணே. தெறக்கலாம்."

"டேப் மேலதானே பாத்தே?"

"ஆமாண்ணே" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? இறங்கி டேப் எடுத்து வர அலுப்பு. அவ்வளவுதான் தோழர்களே, வெறும் அலுப்பு. உள்ளே எண்ணெய் இருநூறு டிகிரியில் இருந்தது.

வெப்பத்தை அளக்காமல் அவசரப்பட்டுத் திறந்தார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. நேரில் பார்த்த சாட்சி என்று அதில் இருப்பது என் கையெழுத்து. அந்த அறிக்கையை அண்ணியிடம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். "அவரு அப்படிச் செய்யவே மாட்டாரே" என்று அண்ணி அழுதபோது நான் வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பதினாறு நாளாக என் பிள்ளைகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அண்ணி, அவர் அளக்கச் சொன்னார். அளந்ததையும் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். அவர் பக்கம் எந்தப் பிழையும் இல்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. இந்தக் கூட்டம் முடிந்ததும் விசாரணை அதிகாரியிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுக்கிறேன். சங்கத் தலைவர் என்னோடு வந்தால் நல்லது, வராவிட்டாலும் போவேன்.

அவர் வேலையைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். அப்படியென்றால் ஒன்று செய்யுங்கள். மேலே நிற்பவன் "பாத்துட்டேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள். எழுந்து ஏறிப் போய் நீங்களே பாருங்கள். அவன் எவ்வளவு வேண்டியவனாக இருந்தாலும் பாருங்கள். அண்ணனுக்கு நான் தம்பி மாதிரி.