இருபதுக்குப் பத்தொன்பது

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. மின்விசிறியைக் குறைக்க வேண்டாம். இருபத்திரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றே வேலை பார்த்தவளை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீரும் வைத்துப் பேசச் சொல்வது பெரிய மரியாதை. நான் மெதுவாகத்தான் பேசுவேன். என் குரலே அப்படி. காது கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன்.

இது மூன்றாவது விசாரணை. முதல் இரண்டிலும் என் மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தத் தையல்காரப் பெண்ணின் வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்தது பெரிய டாக்டர், துணி எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டவரும் அவர், ஆகவே அவள் சாவுக்கு அவரே பொறுப்பு என்று முடிவாகி, வைத்தியம் பார்க்கும் உரிமையையே பறித்துவிட்டார்கள். என்னைத் தியேட்டருக்குப் பொறுப்பாளராக்கலாம் என்றும் பேச்சு நடக்கிறது. வேறொருத்தி என்றால் கம்மென்று இருந்திருப்பாள். எனக்கு அப்படி வராது. தகுதியில்லாத புகழை வாங்கிக்கொள்வது தாழ்மைக்கு ஆகாது. அதனால்தான் நானே வந்தேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தை ஒற்றி எடுக்கக் கையகலத் துணிமடிப்புகள் உண்டு. மாப் என்போம். வயிற்றைத் திறக்கும் முன் அவற்றை எண்ணிச் சுவர்ப்பலகையில் எழுத வேண்டும். மூடும் முன் மறுபடி எண்ண வேண்டும். நனைந்த துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். ஆகையால் ஒவ்வொன்றாக உதறிக் கம்பியில் தொங்கவிட்டு எண்ணுவேன். உள்ளே போனது எத்தனையோ அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு "கவுன்ட்?" என்று கேட்பார். சரி என்று நான் சொன்ன பிறகுதான் மூடலாம். பிறகு எண்ணிக்கைத் தாளில் நானும் அவரும் கையெழுத்துப் போடுவோம். அந்தத் தாள் வார்டுக்குப் போகாது. தியேட்டர் அலமாரியிலேயே இருக்கும். சாவி என்னிடம்.

பெரிய டாக்டரின் கை பொன்னான கை. அதில் இரண்டு பேச்சில்லை. வாய்தான் நெருப்பு. எல்லாரையும் திட்டுவார். ஆனால் மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், பின்னால் போய்ப் புலம்புவார்கள். நான் இரண்டும் செய்யமாட்டேன். அதனாலோ என்னவோ, என்னைத் திட்டுவது அவருக்கு வாகாக இருந்தது.

அந்தப் பெண் வருவதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு நாள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. சொன்னேன். திறந்த வயிற்றுக்குள் நாற்பது நிமிடம் தேடினார். கடைசியில் அந்தத் துணி அவருடைய செருப்பின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தவறு அவர் காலடியில் இருந்தது. முட்டி போட்டதோ நான்.

"முட்டி போடு," என்றார். "எண்ணு. சத்தமா எண்ணு. ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி எண்ணு."

இரத்தத் துணிகளைத் தரையில் பரப்பி, ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் சிரித்தார். முகக்கவசத்துக்குள் யாரென்று தெரியவில்லை. எழுந்தபோது என் வெள்ளை உடையில் இரண்டு முட்டியிலும் வட்டமாகக் கறை.

"இனிமே உன் கணக்கு எனக்கு வேணாம்," என்றார். "நான் கவுன்ட்னு கேட்டா சரின்னு சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறக்காத."

"சரி, டாக்டர்," என்றேன்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் எனக்கு 'சரி சிஸ்டர்' என்று பெயர் விழுந்தது. லிப்டில் ஏறினால்கூட, "மேலயா சிஸ்டர், சரியா?" என்று கேட்டுவிட்டுத் தங்களுக்குள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். எனக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை அது என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆலயத்துப் போதகரிடம் ஒரு முறை சொன்னேன். நல்ல மனிதர், எப்போதும் அடுத்த வீட்டு ஜெபத்துக்குக் கிளம்பிக்கொண்டே பேசுவார். "சகோதரி, கடுமையா நடத்துறவங்க முன்னாடி தாழ்மையா இருக்கிறதுதான் பெரிய சாட்சி," என்றார். "அவருக்காக ஜெபம் பண்ணுங்க. உங்களுக்கு நடக்கிறதைப் பொறுத்துக்கோங்க. ஆனா, அதனால வேற யாருக்காவது பாதிப்பு வருதுன்னா பேசியே ஆகணும், என்ன?" முதல் பாதி மிகவும் ஆறுதலாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் அதை என் ஜெபக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

என் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியை, வாயும் கையும் சும்மா இருக்காது.

"குட்டக் குட்டக் குனியிறவளும் முட்டாள்டி," என்றாள்.

"பொறுத்தார் பூமி ஆள்வார், அக்கா."

"நீ பொறுத்துக்கிறியா, சேத்து வைக்கிறியா? சின்ன வயசுல கோபம் வந்தா ஒரு வார்த்தை பேசமாட்ட. மூணு நாள் சாப்பிடாம படுத்துக்குவ. அம்மா அழுது உன் காலைப் பிடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்ட. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. உன் சாந்தத்தைப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

அக்காவுக்கு எப்போதும் மிகைப்படுத்திப் பேசுகிற பழக்கம் உண்டு.

அந்த ஒன்றரை வருடமும் நான் ஒழுங்காகத்தான் எண்ணினேன், ஐயா. சரி என்று சொன்னபோதெல்லாம் சரியாகவே இருந்தது. குறைந்தால் என்ன செய்வேன் என்று மட்டும் சில சமயம் யோசித்துக்கொள்வேன். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. யோசிப்பதில் பாவமில்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் தையல்காரப் பெண் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தாள். கருப்பையில் கட்டி. பயப்படும்படி ஒன்றுமில்லை. பள்ளிச் சீருடை தைக்கிறவள், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. மேசையில் படுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், நீங்க உள்ளயே இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்மா."

"தையலை நேராப் போடச் சொல்லுங்க. கோணலா இருந்துச்சுன்னா வீட்டுக்குப் போய் நானே பிரிச்சு மறுபடி தச்சுக்குவேன்."

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். நல்ல பெண்.

பெரிய டாக்டர் அன்று கடுகடுவென்று வந்தார். கத்தரியைத் தவறான பக்கம் நீட்டினேன் என்று அதைத் தரையில் எறிந்து, "எடு" என்றார். எடுத்தேன். இரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போனது. மாப் மேல் மாப் கேட்டார். பெருங்குடலுக்குப் பின்னால் ஒன்றைச் செருகியதைப் பார்த்தேன். அதை வெளியே எடுத்ததைப் பார்க்கவில்லை.

பலகையில் இருபது. கம்பியில் பத்தொன்பது. மூன்று முறை எண்ணினேன். வாளியைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், எல்லாருடைய காலடியையும் பார்த்தேன். எங்கும் இல்லை.

"கவுன்ட்?" என்றார்.

அந்த நொடியை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். பதற்றம் எதுவும் இல்லை. மனசில் ஒரு பெரிய அமைதிதான் இறங்கியது. சொல்லச் சொன்னதைச் சொல்வதற்கு யோசிக்க என்ன இருக்கிறது.

"சரி, டாக்டர்."

தைத்தார். தையல் நேராகத்தான் இருந்தது. பிறகு எண்ணிக்கைத் தாளை எடுத்தேன். போனது இருபது, வந்தது பத்தொன்பது என்று தெளிவாக எழுதினேன். எழுத்தில் நான் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. அவர் தன் புதுக் காரைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டே, எப்போதும்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். தாளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு நாள் அவள் நன்றாக இருந்தாள். நான்காம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. நான் தினமும் வேலை முடிந்ததும் வார்டுக்குப் போய் உட்காருவேன். நெற்றியைத் துடைத்துவிடுவேன். "ஆண்டவரே, இந்த மகளைத் தொடும்," என்று ஜெபிப்பேன். அவளும் கண்ணை மூடிக்கொள்வாள்.

"உள்ள ஏதோ அழுத்துது சிஸ்டர்," என்றாள். "டாக்டர் வாயுங்கிறாரு. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

"ஆண்டவர் பாத்துக்குவாரும்மா," என்றேன்.

அவளுடைய புருஷன் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "நீங்க ஒருத்தர்தான் சிஸ்டர் எங்களுக்கு ஆறுதல்," என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அது உண்மை, மறைக்கவில்லை.

ஏழாம் நாள் மதியம் பெரிய டாக்டர் தியேட்டர் அலமாரி இருக்கும் அறைக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை. கதவருகில் தயங்கி நின்றார். முகம் மழிக்காமல் இருந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் உக்காருங்க," என்றார்.

'நீங்க'. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

"அன்னைக்கு உங்களை முட்டி போட வச்சது தப்பு," என்றார். "ரொம்ப நாளா மனசுல கிடக்குது. மன்னிச்சுடுங்க. இப்ப நான் கேக்க வந்தது அந்தத் தையல்காரம்மா விஷயம். எனக்கு என்னமோ இடிக்குது. அன்னைக்குக் கவுன்ட் நிஜமாவே சரியா இருந்துச்சா? உங்களுக்குத் துளி சந்தேகம்னாலும் சொல்லுங்க. இப்பவே எக்ஸ்ரே எடுத்து, திறந்து பாத்துடுறேன். உங்க மேல ஒரு வார்த்தை வராம நான் பாத்துக்கிறேன்."

எனக்கு அழுகை வந்தது, ஐயா. அந்தக் கணத்தில் அவரை எனக்குப் பிடித்தேவிட்டது. இதற்காகத்தான் இத்தனை நாள் ஜெபித்தேன் என்று நினைத்தேன். என் தாழ்மை ஒரு கல்நெஞ்சைக் கரைத்துவிட்டது. சாவி என் பையில் இருந்தது, கையால் தொட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு அடி தள்ளி அந்தத் தாள். சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் துணியை எடுத்திருப்பார். அவள் பிழைத்திருப்பாள். அவரும் பிழைத்திருப்பார். அடுத்த வாரமே நான் மறுபடியும் 'நீ' ஆகியிருப்பேன், அதுவும் தெரியும்.

"சரியாத்தான் இருந்துச்சு, டாக்டர்," என்றேன். "நானே மூணு தடவை எண்ணினேன்."

பெருமூச்சு விட்டார். "உங்களை நம்புறேன் சிஸ்டர். தேங்க்ஸ்," என்று சொல்லி, என் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. மருந்தை மாற்றினார்.

பத்தாம் நாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் அவள் போய்விட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பிரேதப் பரிசோதனையில் துணி வந்தது. அலமாரியைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். இருபது, பத்தொன்பது, கீழே அவருடைய கையெழுத்து. இந்தச் சிஸ்டர் சொல்லியிருப்பார், அந்த முரட்டு மனுஷன் கேட்டிருக்க மாட்டார் என்று எல்லாரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். முட்டி போட வைத்த கதையை ஏழு பேரும் வந்து சொன்னார்கள், அன்று சிரித்தவர் உட்பட. விசாரணையில் அவர், "சரின்னு சொன்னாங்க, ரெண்டு தடவை சொன்னாங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதும் 'சொன்னாங்க' என்றுதான் மரியாதையாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை நேராகக் கேட்கவில்லை. அவர்களே எனக்காக இரக்கப்பட்டுக்கொண்டார்கள்.

நான் அவர் மேல் கை ஓங்கவில்லை. ஒரு புகார் எழுதவில்லை. ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. பதிலுக்குப் பதில் செய்வது ஆண்டவருடைய வேலை, நான் வழியை மறிக்காமல் ஒதுங்கி நின்றேன், அவ்வளவுதான். ஆனாலும் நீங்கள் சட்டப்படி எழுத வேண்டும் என்பதால் தெளிவாகவே சொல்கிறேன். துணி உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். தைக்கும் முன்பே தெரியும். அவர் வந்து மன்னிப்புக் கேட்டபோதும் தெரியும். அப்போது சொன்னால் அவள் பிழைப்பாள் என்பதும் தெரியும். தெரிந்துதான் சரி என்றேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

மனசில் எந்தக் கசப்பும் இல்லை, ஐயா. அவரை நான் முழுமையாக மன்னித்துவிட்டேன். தினமும் காலையில் முழங்காலில் நின்று, அவர் பெயர், அவர் மனைவி பெயர், இரண்டு பிள்ளைகளின் பெயர், எல்லாவற்றையும் சொல்லி மன்றாடுகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை.

அந்தப் பெண்ணின் பெயரா? கோப்பில் இருக்கும், பாருங்கள். நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.