முப்பத்து மூணு நாள்

"படுங்க! எல்லாரும் படுங்க!"

படுக்கிறேன். வாயெல்லாம் மண்ணு. வயித்துல ஏழு மாசப் புள்ள. குப்புறப் படுக்க முடியல. ஒருக்களிச்சுப் படுக்கிறேன். மேல 'உய்ய்'னு சத்தம். அது இழுத்துக்கிட்டே போனா தூரமா விழும். பாதியில நின்னா கிட்ட.

நின்னுது.

மன்னார்க் கரை. எண்பத்தேழு, வைகாசி, வெள்ளிக்கிழமை. காலையில ஏழு மணி இருக்கும். நாங்க சிலோன் தேயிலைத் தோட்டத்து ஆளுங்க. கலவரத்துல மலையை விட்டு எறங்கி, மன்னார்ல கூலி வேலை பார்த்தோம். அன்னைக்கு இந்தியாவுக்குப் படகேற வந்திருந்தோம். புகை விலகினப்ப நான் எந்திரிச்சேன். எங்க ஊட்டுக்காரர் முத்தையா எந்திரிக்கல.

"ஓடியாங்க! நிக்காதீங்க!" படகுக்காரன் கத்தறான். மூணு வயசுப் பையன் குமாரை இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடினேன். அவர் முகத்தை மூட நேரமில்ல.

படகுல ஒரு பகல், ஒரு ராத்திரி. குமாருக்கு முன்னயே காய்ச்சல். தண்ணி கேக்கறான். தண்ணி இல்ல. ராமேஸ்வரம் கண்ணுல பட்டப்ப அவன் இல்ல.

கரையில ஆபீசர் பேரு கேட்டாரு. சொன்னேன். பாஸ்போர்ட் இருக்குதான்னு கேட்டாரு. இல்லைன்னேன். எழுதிக்கிட்டாரு.

சேலத்துக்கிட்ட அகதி முகாம். ஆடிப் பதினெட்டு. ஊர் சனமெல்லாம் ஆத்துக்குப் போகுது. நான் ஓலைக் கொட்டாயில பெத்தேன். பக்கத்துப் பொம்பளைங்கதான் பார்த்தாங்க. பொட்டப் புள்ள. கலா. எந்த ஆபீசுலயும் பதியல.

அப்புறம் ஏற்காடு. கிளியூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட்டு. எங்க தாத்தா மாரமங்கலத்துல இருந்துதான் சிலோனுக்குப் போனாரு. அதே மலையில திரும்பி வந்து நான் பழம் பறிச்சேன். மாசம் ஒருக்கா பஸ்ஸுல கீழ எறங்கி முகாமுல கையெழுத்து. இன்னைக்கும் அப்படித்தான். நான் யார்கிட்டயும் கை நீட்டல. பொய் பேசல. திமிர் புடிச்சவள்னு எஸ்டேட்டுல சொல்லுவாங்க. சொல்லட்டும்.

கலாவைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த அன்னைக்கு நான் வேலையில நின்னேன். எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர்தான் கூட்டிட்டுப் போனாரு. பொறந்த தேதி அவருக்குத் தெரியல. வாத்தியார் ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாரு. அந்த வகுப்புல பாதிப் புள்ளைங்களுக்கு ஜூன் ஒண்ணுதான்.

கலா படிச்சு நர்சு ஆனா. போன வருசம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒண்ணுல வேலை கெடைச்சுது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டா.

ஐப்பசி, செவ்வாக்கிழமை, காலையில பதினோரு மணி. தகரத்துல மழை தடதடன்னு கொட்டுது. விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தாரு. சின்ன வயசு. நொம்ப மரியாதை. பூட்ஸை வெளிய கழட்டினாரு.

"ஏனுங்கம்மா, பொண்ணு பொறந்தது எப்பங்க?"

"ஆடிப் பதினெட்டுங்க சாமி. எண்பத்தேழு."

உள்ளயிருந்து கலா கத்தினா. "அம்மா! சும்மா இரும்மா!"

பேனா நின்னுது. "இதுல ஜூன்னு போட்டிருக்குதுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வயசாச்சு, மறந்திருப்பீங்க."

மறந்திருப்பேனாம். அந்தப் போலீஸ்காரப் புள்ள எனக்கு வழி விட்டுது. அப்ப அது எனக்குப் புரியல. கோவம்தான் வந்துச்சு.

"பெத்தவ நானுங்க. வாத்தியார் இல்லீங்க."

எழுதிக்கிட்டாரு.

சேலத்து வக்கீலம்மா அப்புறம் சொன்னாங்க. எண்பத்தேழு ஜூலை ஒண்ணாந் தேதிக்கு முந்தி இந்த மண்ணுல பொறந்த புள்ள இந்த நாட்டுப் புள்ள. அப்பன் ஆத்தா யாருன்னு கேள்வி இல்ல. அந்தத் தேதியில இருந்து பொறந்தா, அப்பனோ ஆத்தாளோ இந்தியரா இருக்கணும். நான் தாத்தாவைச் சொன்னேன். "காகிதம் இருக்குதுங்களா?" இல்ல. இப்ப எழுதிக் குடுத்து நான் இந்தியர் ஆக முடியாதான்னு கேட்டேன். முடியாது. பாஸ்போர்ட் இல்லாமப் படகுல வந்தவ சட்டவிரோதமா நுழைஞ்சவ. ஷெல் குண்டு விழுறப்ப யார்கிட்டப் போய் முத்திரை வாங்கறதுன்னு கேட்டேன். வக்கீலம்மா டீ வாங்கிக் குடுத்தாங்க.

தை மாசம் கடுதாசி வந்துச்சு. பாஸ்போர்ட் கெடையாது. தேதியை மாத்திக் குடுத்ததுக்கு விசாரணை உண்டு. வேலையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க.

எங்கிட்ட இருந்து போனதை எல்லாம் எழுதறேன். படிக்கிறவங்க மறக்க வேண்டாம்.

மன்னார்க் கரையில முத்தையா. முப்பத்தோரு வயசு. பொதைக்கல.

கடல்ல குமார். மூணு வயசு. என் முந்தானையைக் கிழிச்சுச் சுத்தி எறக்கினேன்.

சிலோனைச் சேர்க்கல. அது எங்களைத் தன் ஆளுன்னு சொன்னதே இல்ல.

ஏற்காட்டுல கலா. உசுரோட இருக்கா. முப்பத்தெட்டு வயசு. நாடு இல்ல. ஜூலை ஒண்ணுக்கு முப்பத்து மூணு நாள் பிந்தி, ஆகஸ்ட் மூணுல பொறந்தா.

நான் சொன்னது நெசம். இன்னைக்குக் கேட்டாலும் அதான் சொல்லுவேனான்னு எனக்குத் தெரியல. கலா என்னைத் திட்டல. சோறு போட்டு வைக்கிறா. மாத்திரை எடுத்துக் குடுக்கறா. ஐப்பசியில இருந்து அவ என்னை அம்மான்னு கூப்புடல.

அதையும் போனதுல சேர்த்துக்குங்க.