நாற்பத்தெட்டுத் துளைகளும் சந்தனப் பொட்டும்

பொங்கல் விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பண்பாளர் பரமசிவம் அவர்களே! செம்பவாங் கடற்படைத் தளத்தில் இரும்போடு மல்லுக்கட்டி இளைத்த பெரியோர்களே! ஆட்குறைப்புக் கடிதம் வந்த அன்றும் அடுப்பை அணையவிடாத அருமைத் தாய்மார்களே! இடமில்லாமல் பின்னால் நிற்கும் தோழர்களே! அனைவருக்கும் இந்த வேலாயுதத்தின் வணக்கம்.

மூன்று மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன், இன்றுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்!

பதினாறு ஆண்டுகள் கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை. வெள்ளைக்காரர் தளத்தைக் காலி செய்கிறார் என்றதும் எனக்கும் கடிதம் வந்தது. என் பக்கத்தில் நின்று அரம் பிடித்த காதர் மைதீனுக்கும் வந்தது. அழுதோமா? அழுதோம்! அதை ஏன் மறைக்க வேண்டும்? அழுது முடித்துவிட்டு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போனோம்.

என்ன வாங்கினோம்? துரை வீட்டுக் கம்பளத்தில் தூசி உறிஞ்சிய இயந்திரம் ஒன்று. உடைந்த மின்சார அடுப்பின் கம்பிச்சுருள் நான்கு. கதவு கழன்ற குளிர்பெட்டியின் ரப்பர் விளிம்பு. குப்பை என்றார்கள். நாங்கள் கும்பிட்டு எடுத்துவந்து கோத்தோம். சூட்டில் பிளாஸ்டிக் தகடு இளகும். கீழிருந்து காற்றை உறிஞ்சினால் அது மர அச்சின்மேல் படிந்து பிஸ்கட் அடுக்கும் தட்டாகும். அவ்வளவுதான்!

"வேலை செஞ்சுதா அண்ணே?" என்று அங்கே ஒரு குரல். பொறுங்கள் தம்பி, அங்கேதான் வருகிறேன்!

போன புதன்கிழமை மூன்று மணிக்குச் சீனர் ஒருவர், பிஸ்கட் வியாபாரி, வருவதாக ஏற்பாடு. நல்ல தட்டு ஒன்றைக் காட்டினால் ஆர்டர் எங்களுக்கு, இல்லையேல் ஹாங்காங்குக்கு. காலையிலேயே பூசை போட்டேன். அச்சில் காற்று போக நாற்பத்தெட்டுத் துளைகள். துளைக்குத் துளை சந்தனப் பொட்டு! பொட்டுக்குப் பொட்டு குங்குமம்! என்ன வரிசை, என்ன வனப்பு! தேங்காய் உடைத்து விசையைத் தட்டினேன். இயந்திரம் உறுமியது. தகடோ அப்பளம்போல் அப்படியே கிடந்தது! ஐந்து தகடுகள் பாழ். மிச்சம் ஒன்று. மணி இரண்டரை.

காதர் மைதீன் தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஓட்டையெல்லாம் சந்தனம் காஞ்சு அடைச்சிருக்கு."

"எப்போ பாத்தே, காதர்?"

"காலையிலேயே பாத்தேன். நீங்க சாமிக்கு வச்சது. அதுல நான் எப்படிண்ணே கை வைக்கிறது?"

கோபம் வந்தது எனக்கு, என்மேலேயே! பதினாறு ஆண்டு பழகிய தோழர் ஒரு சொல் சொல்லத் தயங்கினாரே, அந்தத் தயக்கத்தை நான் ஒருநாளாவது போக்கினேனா? என் மனைவி செல்லக்கண்ணுவிடம் இரண்டு ஊசி வாங்கி, ஒன்றை அவர் கையில் திணித்தேன். "சாமி கோவிச்சுக்காது, குத்துய்யா!" என்றேன். குத்தினோம், ஊதினோம், துடைத்தோம். கடைசித் தகடு. விசை. சர்ரென்று இழுத்தது! மூலை படிந்தது, விளிம்பு எழுந்தது, தட்டு பிறந்தது! செல்லக்கண்ணு அழுதாள். நாங்கள் இருவரும் சும்மா இருந்தோமா என்ன?

வியாபாரி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போலே!" என்றார். முடியும், ஆகட்டும், சரி என்று எல்லாமே அந்த ஒரு மலாய்ச் சொல்லில் இருந்தன.

மரியாதை என்பது வாயை மூடிக்கொள்வதா, தோழர்களே? உன் பிழை இதுவென்று உரிமையோடு உரைப்பது மரியாதை! உரைக்கும் துணிவைத் தோழனுக்கு ஊட்டுவது அதனினும் மரியாதை!

ஆர்டர் பெரியது. எங்கள் நான்கு கைகள் போதா. கடிதம் வாங்கியவர்களில் நான்கு பேர் திங்கட்கிழமை காலை எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். என் தவறை என் முகத்துக்கு நேரே சொல்பவர்களாக வாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றியும் பொங்கல் வாழ்த்தும் கூறி வணங்குகிறேன். வேலை இருக்கிறது, தோழர்களே! நமக்கு வேலை இருக்கிறது!