மூன்று தட்டு

ஆம்பூரில் ஞாயிறு மதியம் பிரியாணிக் கடையில் உட்கார இடம் கிடைக்காது. அதனால் அன்று ஆராதனை முடிந்ததும் ஷாஜினை நேராகச் சாப்பிடக் கூட்டிப் போனேன். லெக் பீஸை அவன் இலையில் நான்தான் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

அலறிப் பாடுகிற எங்கள் டெத் மெட்டல் இசைக்குழுவின் பெயர் ‘சுண்ணாம்புக் குழி’. கிட்டார் நான், குரல் ஷாஜின். தொண்ணூற்றெட்டில் வந்த முதல் கேசட்டில் வெறும் வேகம்தான். இரண்டாயிரத்து இரண்டில் வேகத்தைக் குறைத்தோம். நான் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் டேனரியில், தோல் பதப்படுத்தச் சுற்றுகிற பெரிய மர டிரம்முக்குள் ஷாஜினை மைக்கோடு நிற்க வைத்துப் பதிவு செய்தேன். டிரம் ஓடவில்லை, கதவும் திறந்திருந்தது. ஆனாலும் பாதாளத்திலிருந்து வருவதுபோல் குரல் வந்தது. உள்ளிருந்து என்னைப் பார்க்க முடியாது. அதனால் நான் மூன்று தட்டு தட்டுவேன், அவன் திருப்பித் தட்டினால் ரெடி.

அந்த கேசட்டைக் கேட்டு ஃபின்லாந்திலிருந்து ஒருவர் கடிதம் போட்டார். இசை அருமை, அலறல் மட்டும் நடிப்பு என்று எழுதியிருந்தார். இரண்டு வருடம் அந்தக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

அவனுக்கு ஃபீபியோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சாப்பிடும்போது ஷாஜின் சொன்னான்: “அண்ணா, ஃபீபிக்கு இதெல்லாம் புடிக்கல. கல்யாணத்துக்கப்புறம் சர்ச்ல மட்டும்தான் பாடப் போறேன்.”

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை.

“சரிடா. கடைசியா ஒரே ஒரு டேக் குடுத்துட்டுப் போ.”

டேனரியில் அன்று யாருமில்லை. டிரம்முக்குள் இறங்கியவன் கேட்டான்: “இன்னாண்ணா, மைக் வெளிய இருக்குது?”

“எதிரொலி ஜாஸ்தியா வரும்டா,” என்று கதவைப் போட்டு முடுக்கினேன்.

டேனரியில் ஒரு வழக்கம் உண்டு. சுவிட்ச் போடும் முன் டிரம்மைத் தட்ட வேண்டும். உள்ளிருந்து தட்டு வந்தால் ஆள் இருக்கிறான், போடக் கூடாது. பதினோரு வருடமாக நானும் அப்படித்தான். அன்றும் மூன்று தட்டு தட்டினேன். ஷாஜின் திருப்பித் தட்டினான். பாட்டு ஞாபகத்தில் அதை ரெடி என்று எடுத்துக்கொண்டேன். நடந்தது அவ்வளவுதான், ஒரு குழப்பம். என் தம்பி மாதிரி அவன்.

சுவிட்சைப் போட்டு டிரம்மை ஏழு நிமிடம் ஓடவிட்டேன். கேசட் உங்களிடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அதில் நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

மைக்கைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதை முந்தின நாளே வெளியே பொருத்திவிட்டேன், சார். உள்ளே வைத்தால், டிரம் சுற்றும்போது வயர் அறுந்துவிடும்.