பாவம், அவரை ஒண்டும் கேளாதேங்கோ

தொண்டைக்கு வெந்நீரை விட நல்ல மருந்து கிடையாது. இஞ்சி, தேன், மிளகு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஊரிலும் இங்கேயுமாக இருபது வருடம் மேடையில் நின்றவன் சொல்கிறேன். குளிருக்குள் வந்திருக்கிறீர்கள், ரோகிணி, முதலில் இதைக் குடியுங்கள். உங்கள் ஒலிப்பதிவுப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கட்டும். அதற்குக் கூச்சப்படுகிற ஆள் இல்லை நான்.

மனநோயைப் பற்றி எங்கள் சனம் என்ன நினைக்கிறது என்று சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாகக் கேட்டு வருகிறீர்கள். நல்ல வேலைதான். ஆனால் இப்படி நேரே கேட்டால் எல்லாரும் "அதுவும் மற்ற நோய் வருத்தங்கள் மாதிரித்தானே, பிள்ளை" என்று அழகாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் அபிப்பிராயம் சொல்லப் போவதில்லை. நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடுவதென்றாலும் போடலாம். செல்வரட்ணம், அறிவிப்பாளர்.

இங்கே ஸ்காபரோவில் ஒரு காலத்தில் என் குரல் இல்லாமல் ஒரு நல்ல காரியம் நடக்காது. அரங்கேற்றம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, கல்யாண வரவேற்பு, பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசன விருந்து, எல்லாவற்றுக்கும் நான்தான். பகலில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். அங்கே என் பெயரைக்கூட ஒருவனும் ஒழுங்காகச் சொன்னதில்லை. சனிக்கிழமை பின்னேரம் கோட்டும் சூட்டும் போட்டு, "அவை நிறைந்த அன்பு நெஞ்சங்களே" என்று தொடங்கும்போதுதான் நான் மனிதன். இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

தொண்ணூற்று மூன்றில் சச்சிதானந்தன் வந்து சேர்ந்தார். மனைவி குணவதி, ஒரே மகள் துர்க்கா. தங்கமான குடும்பம். என்னை "அண்ணை, அண்ணை" என்று சுற்றிச் சுற்றி வருவார். ஒரு அரங்கேற்றத்தன்று எனக்குத் தடிமன், குரல் அடைத்துவிட்டது. நட்டுவாங்கம் செய்தவர்களுக்கு மாலை போடுகிற கட்டத்தை மட்டும் அறிவியும் என்று ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்தேன்.

அவர் வாயைத் திறந்தார். மண்டபத்தின் பின்பக்கம் சாப்பாட்டு வரிசையில் நின்ற சனம் அப்படியே நின்றது. எங்கள் ஆட்கள் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு இன்னொருவரின் பேச்சைக் கேட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் மறைப்பானேன்? ஆனாலும் முதல் ஆளாகப் போய்க் கைகொடுத்தவன் நான்தான்.

அதன் பிறகு என் தொலைபேசி அடிப்பது குறைந்தது. அடித்தாலும், "அண்ணை, சச்சி அண்ணையின்ரை நம்பர் இருக்கோ?" என்று கேட்பார்கள். கொடுப்பேன். எழுதிக்கொள்ளப் பேனை இல்லையென்றால் காத்திருந்து கொடுப்பேன்.

அடுத்த மாரியில் அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் தவறிவிட்டார். போரால் பாதை பூட்டியிருந்த காலம், அகதி வழக்கும் முடியவில்லை, போக முடியாது. மனிதர் கொஞ்சம் அடங்கிப் போனார். ஒரு கல்யாணத்தில் பிரதம விருந்தினரின் மனைவியின் பெயரை மறந்து ஒரு கணம் நின்றார். யாருக்கும் வரக்கூடிய மறதி. மணவறை அலங்காரம் செய்கிற மரியம்மா என் பக்கம் சாய்ந்து, "என்ன, சச்சி அண்ணை முந்தி மாதிரிச் சிரிக்கிறேல்லை?" என்றார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "பாவம், அவரை ஒண்டும் கேளாதேங்கோ."

மரியம்மா குரலைத் தாழ்த்தினார். "என்ன, தலையிலையோ?"

நான் குனிந்து என் கால் சப்பாத்தைப் பார்த்தேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சப்பாத்தைப் பார்ப்பது குற்றமென்று எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் சனம் சீனி வருத்தத்தை மேடை போட்டுச் சொல்லும். பிறசர், கொலஸ்ரோல் எல்லாவற்றையும் படித்த பட்டம் மாதிரி வரிசைப்படுத்தும். மனம் சுகமில்லை என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும். எல்லாரிடமும் சொல்வார்கள், சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அவர் மனம் நோகுமாம். ஆகவே அவரால் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லவும் முடியாது. நான் செய்ததெல்லாம் இந்த நல்ல பழக்கத்துக்குள் ஒருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விட்டதுதான். மிச்சத்தை அன்பு பார்த்துக்கொண்டது.

என்ன அன்பு! எல்லாரும் அவரோடு ஆறுதலாக, சொல் சொல்லாகப் பேசத் தொடங்கினார்கள். சாப்பாட்டில் அவருக்கு உறைப்புக் கூடாதென்று மரியம்மா தனியாக ஒரு கறி வைத்தார். விருந்துகள் முடிந்தால் அவரை வாகனம் ஓட்ட விடாமல், "நீங்கள் பின்னுக்கு இருங்கோ அண்ணை" என்று யாராவது கார்த் திறப்பை வாங்கிக்கொள்வார்கள். அவர் சிரித்தால் இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சிரிக்காவிட்டாலும் பார்த்துக்கொள்வார்கள். காருக்குள் பாட்டு முணுமுணுத்தாராம், அதுவும் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. வீடியோ பிடிக்கிற அகஸ்ரின், வெளிச்சம் கண்ணில் பட்டால் இப்படியானவர்களுக்குக் கூடாது என்று சொல்லி, அவர் பேசுகிற நேரம் விளக்கை அணைத்துவிட்டார். அந்த வீடியோக்களில் சச்சி இருட்டுக்குள் நின்று பேசுவார். பார்க்கிறவர்களுக்கு உண்மையிலேயே ஒரு மாதிரித்தான் இருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போதும் சில இடங்களில் வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பிளாசாவில் தமிழ்க் கடைக்காரர் மிச்சக் காசை அவருடைய உள்ளங்கையில் வைத்து, சின்னப் பிள்ளைக்கு எண்ணுவது போல ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினாராம். சச்சி சத்தம் போட்டுவிட்டார். "எனக்கு எண்ணத் தெரியும்! நான் என்ன விசரனே?"

பைத்தியம் என்கிற அந்தச் சொல்லை அவரே தன் வாயால் சொல்லிவிட்டார். அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. கடையில் நின்றவர்கள் அவருக்காக மிகவும் கவலைப்பட்டார்கள்.

பழைய மாணவர் சங்கம் அந்த வருட விருந்துக்கு என்னைக் கேட்டது. "சச்சி அண்ணைக்கு ஓய்வு குடுப்பம் எண்டு நினைக்கிறம்" என்றார்கள். நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள்தான் ஒத்துக்கொண்டேன்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மனிதர் தானாகவே மனநல மருத்துவரிடம் போனார். பல தடவை போய், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, தனக்கு ஒரு நோயும் இல்லை, தகப்பனை இழந்த துக்கம் மட்டுமே என்று கடிதம் வாங்கிவந்தார். அதை லமினேற் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடையில், கோயில் வாசலில், பஸ் தரிப்பில், எங்கே யார் மெதுவாகப் பேசினாலும் எடுத்து நீட்டுவார்.

யோசித்துப் பாருங்கள், ரோகிணி. உங்களுக்குச் சுகமென்று உங்களிடம் கடிதம் இருக்கிறதா? எனக்கு இல்லை. ஸ்காபரோவில் அப்படிக் கடிதம் வைத்திருந்த ஒரே தமிழன் அவர்தான். மரியம்மா கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஒண்டும் இல்லாட்டி ஏன் அந்த டொக்ரரிட்டைப் போனவர்?" மருத்துவர் நோய் இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் நம்பியிருப்பார்கள், இல்லை என்று எழுதியதை இன்னும் நன்றாக நம்பினார்கள், தலைகீழாக.

துர்க்காவின் விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல பிள்ளை, கணக்காளர் படிப்பு முடித்திருந்தாள். மில்லிக்கனில் ஒரு இடம் பேசிச் சரிவந்து, பொருத்தமும் பார்த்து, கூறைச்சேலைக்குச் சொல்லுகிற கட்டம். மாப்பிள்ளையின் தகப்பனார் ஸ்ரீதரன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்கு அவரையும் தெரியும், சச்சியின் குடும்பத்தையும் தெரியும், ஆகவே விசாரித்தார். அது வழக்கம்தானே.

"நல்ல குடும்பம்" என்றேன். "பிள்ளை தங்கம். தாய் கோயில் மாதிரி. தகப்பனும் இப்ப எவ்வளவோ பரவாயில்லை."

அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். நான் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதில் ஒரு கெட்ட சொல் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணம் நின்றது. துர்க்கா வான்கூவரில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது தகப்பனிடம் சொல்லவில்லை என்றார்கள். அதன் பிறகு குணவதி வீட்டில் கத்திகளை எடுத்து ஒளித்து வைக்கத் தொடங்கினாள். சமைக்கிற நேரம் ஒளித்த இடத்தை மறந்து, மரக்கறி வெட்ட முடியாமல் அழுவாளாம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சச்சி இங்கே வந்தார். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே கதிரை. மெலிந்திருந்தார். சவரம் செய்யவில்லை. கடிதத்தை எடுத்து நீட்டவில்லை.

"அண்ணை, நான் வேறை ஒருத்தரிட்டையும் கேக்கேலாது. எல்லாரும் மாறிப் போட்டினம். நீங்கள் ஒராள்தான் முந்தி மாதிரிக் கதைக்கிறியள். உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கு ஏதும் இருக்கோ?"

இதை ஒலிப்பதிவு செய்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவருக்கு ஒன்றுமே இருக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே இருக்கவில்லை. இந்த நகரத்தில் அது நிச்சயமாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். மருத்துவருக்குக்கூட ஒரு சின்னச் சந்தேகம் இருந்திருக்கலாம், எனக்கு இல்லை. ஒரு வார்த்தையால் அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். உண்மையைத்தான் சொல்வது என்று முடிவு செய்தேன்.

"ஒண்டும் இல்லை, சச்சி" என்றேன். "உமக்கு ஒரு குறையும் இல்லை. தேத்தண்ணியைக் குடியும்."

ஆறுதலாகச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, நல்ல இடைவெளி விட்டு, குரலைப் பஞ்சாக்கி. கோப்பையை அவருடைய கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பிடிக்கவும் வைத்தேன்.

வேறொருவரென்றால் அந்தச் சொற்களை மட்டும் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போயிருப்பார். ஆனால் சச்சி அறிவிப்பாளர். எந்தச் சொல்லை யாரிடம் எந்தக் குரலில் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நீங்களும்" என்றார். தேநீரை முழுக்கக் குடித்தார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் யாரிடமும் சத்தம் போடவில்லை. நித்திரை போயிற்று, சாப்பாடு போயிற்று. குணவதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இப்போது உண்மையாகவே வருத்தம். அதற்கு ஒரு நீண்ட பெயரும் வைத்திருக்கிறார்கள். அங்கேயே நாலு சுவருக்குள் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பேசுவதில்லை. மருந்தினாலா, பேச விருப்பமில்லையா என்று தெரியாது. எங்கள் ஆட்கள் ஒருவரும் போவதில்லை, பார்த்தால் அவர் மனம் நோகுமாம். நான்தான் மாதாமாதம் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போகிறேன். "செல்வரட்ணம் அண்ணையைப் போல மனிசர் இல்லை" என்று குணவதி அழுவாள். அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

ஆகவே என் கருத்தைக் கேட்டால், எங்கள் சனத்துக்கு இந்த விஷயத்தில் அறிவு போதாது. அநியாயம் நடக்கிறது. விளக்கம் கொடுக்க வேண்டும். நீங்கள் உங்கள் சுகாதார நிலையத்தோடு பேசி, ஒரு பெரிய மண்டபம் எடுத்து, மருத்துவர்களைக் கூப்பிட்டு, ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வையுங்கள். சனம் வரும், நான் வரப்பண்ணுகிறேன். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம், சம்பளம் ஒன்றும் தேவையில்லை. எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள். இப்போது இங்கே என்னை விட்டால் வேறு ஆளும் இல்லை.